பக்கக் கோப்பை அணைத்தால் கணினி பறக்குமா?

“மெய்நிகர் நினைவகத்தை அணைத்துவிடுங்கள், உங்கள் கணினி பறக்கும்.” வலையொளியிலும் டிக்டாக்கிலும் புலனக் குழுக்களிலும் இந்த ஆலோசனை ஆண்டுதோறும் புதிய வேடத்தில் வந்துவிடுகிறது. ஒரு நிமிடக் காணொளி, நான்கைந்து சொடுக்கு, ஒரு மறுதொடக்கம். காசு செலவில்லை என்பதால் பலரும் துணிந்து செய்துவிடுகிறார்கள்.

கணினி அறிவியல் படிக்கும் பல்கலைக்கழக மாணவன் என்பதால், உறவினர் வீடுகளில் மெதுவாகிப்போகும் மடிக்கணினிகளெல்லாம் கடைசியில் என் கைக்குத்தான் வந்து சேரும். அவற்றில் சிலவற்றில் இந்த வேலை ஏற்கெனவே செய்யப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கணினியில் பக்கக் கோப்பை அணைக்க வேண்டாம். குறிப்பாக 4 அல்லது 8 ஜிகாபைட் ரேம் உள்ள கணினியில் இடுபணி செய்யும் மாணவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

*அறுபது ஆண்டுப் பழைய தீர்வு*

ரேம் போதாது என்ற குறை நம் காலத்தில் தோன்றியதன்று. 1962-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அட்லஸ் என்ற கணினி பயன்பாட்டுக்கு வந்தது. அதில் வேகமான காந்த வளைய நினைவகம் இருந்தது. ஆனால் அதன் விலை மிக அதிகம் என்பதால் ஏறத்தாழ 16 ஆயிரம் சொற்கள் அளவுக்கே வைக்க முடிந்தது. மெதுவாகச் சுழலும் காந்த உருளையில் 96 ஆயிரம் சொற்கள் வரை இடமிருந்தது. இங்கே ‘சொல்’ என்பது கணினி ஒரே தடவையில் கையாளும் தரவின் அலகு.

அதற்கு முன்பெல்லாம் எந்தத் தரவு வேகமான நினைவகத்தில் இருக்க வேண்டும், எது உருளைக்குப் போக வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே கணக்குப் போட்டு நகர்த்த வேண்டியிருந்தது. டாம் கில்பர்னும் அவருடைய குழுவினரும் அந்தச் சுமையைக் கணினியின் தலையிலேயே ஏற்றினார்கள். நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட ‘பக்கங்களாக’ப் பிரித்தார்கள். தேவையான பக்கம் உருளையிலிருந்து தானாக உள்ளே வரும். தேவையற்றது தானாக வெளியே போகும். நிரலின் கண்ணுக்கு எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தெரியும்.

இன்று நம் மேசையில் இருக்கும் விண்டோஸ் கணினி செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். பக்கத்தின் அளவு பெரும்பாலும் 4 கிலோபைட். உருளைக்குப் பதிலாக, சி டிரைவில் மறைந்திருக்கும் ஒரு கோப்பு. அதைத்தான் ‘பேஜ் ஃபைல்’, அதாவது பக்கக் கோப்பு என்கிறோம். லினக்ஸில் அதன் பெயர் ‘ஸ்வாப்’. ரேமில் இடம் நெருக்கும்போது, நீங்கள் காலையில் திறந்துவிட்டு மறந்துபோன ஒரு நிரலின் தரவு அந்தக் கோப்புக்குப் போய் உறங்கும். நீங்கள் மீண்டும் அந்த நிரலுக்குப் போனால் அது ரேமுக்குத் திரும்பி வரும்.

*அணைக்கச் சொல்பவர்களின் வாதம்*

அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறுக்கக் கூடாது. ரேமிலிருந்து தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோவினாடி போதும். எஸ்எஸ்டி என்னும் திண்மநிலைச் சேமிப்பகத்திலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 மைக்ரோவினாடி ஆகும். பழைய சுழலும் வன்தட்டு என்றால் 10 மில்லிவினாடி. இதை நம் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ரேமிலிருந்து எடுப்பது ஒரு வினாடி என்றால், எஸ்எஸ்டியிலிருந்து எடுப்பது 17 நிமிடம். வன்தட்டிலிருந்து எடுப்பது ஒரு நாளுக்கும் மேல்!

“அப்படியானால் வட்டைப் பயன்படுத்தும் வழியையே அடைத்துவிட்டால் எல்லாம் ரேமிலேயே நடக்குமே!” என்பது அவர்களின் முடிவு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. பக்கக் கோப்பு இருப்பதால் கணினி வட்டுக்குப் போவதில்லை. ரேம் போதாததால்தான் வட்டுக்குப் போகிறது. கோப்பை அழித்துவிட்டால் ரேம் ஒரு பைட்கூடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. பக்கக் கோப்பை அணைத்தாலும் வட்டிலிருந்து பக்கங்கள் வந்து போவது நிற்காது. ரேமில் இரண்டு வகைப் பக்கங்கள் இருக்கின்றன. ஒரு வகை, நிரல்களின் கட்டளைகள். அவற்றின் மூலப்பிரதி வட்டில் நிரல் கோப்பாகவே இருக்கிறது. எனவே விண்டோஸ் அவற்றை ரேமிலிருந்து எறிந்துவிட்டு, வேண்டும்போது மீண்டும் படித்துக்கொள்ளும். இதற்குப் பக்கக் கோப்பு தேவையில்லை. இன்னொரு வகை, நிரல் ஓடும்போது உருவான தரவு. நீங்கள் இன்னும் சேமிக்காத கட்டுரை, உலாவியில் திறந்திருக்கும் பக்கங்கள் போன்றவை இந்த வகை. இவற்றுக்கு வட்டில் வேறு வீடு கிடையாது. பக்கக் கோப்புதான் வீடு.

அந்த வீட்டை இடித்துவிட்டால் என்ன ஆகும்? காலையிலிருந்து தொடாத உலாவிப் பக்கத்தின் தரவு ரேமைவிட்டு நகர முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். இடம் வேண்டுமென்றால் விண்டோஸ் வெளியேற்றக்கூடியது, நீங்கள் இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைகளைத்தான். அவற்றைத் திரும்பத் திரும்ப வட்டிலிருந்து படிக்க வேண்டிவரும். வேகத்துக்காகச் செய்த வேலை, ரேம் குறைந்த கணினியில் வேகத்தைக் கெடுக்கவும் கூடும்.

*மண்டபமும் மடக்கு நாற்காலிகளும்*

என்னைப் பொறுத்தவரை, அணைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் 80 நாற்காலிகள். பின்னால் கிடங்கில் 50 மடக்கு நாற்காலிகள். குடும்பங்கள் முன்கூட்டியே இடம் கேட்கின்றன. பத்துப் பேருக்கு இடம் சொல்லிவைக்கும் குடும்பத்தில் ஆறு பேர்தான் வருவார்கள். ஆனாலும் மண்டபக்காரர் நேர்மையானவர்; தன்னிடம் உள்ள 130 நாற்காலிக்கு மேல் ஒருவருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டார்.

விண்டோஸ் அந்த மண்டபக்காரர். மண்டபத்து நாற்காலிகள் ரேம். மடக்கு நாற்காலிகள் பக்கக் கோப்பு. நிரல்கள் நினைவகம் கேட்கும்போது, உண்மையில் தொடப்போவதைவிட அதிகமாகவே கேட்டுவைக்கும். விண்டோஸ் வாக்குக் கொடுக்கும் எல்லை, ரேமும் பக்கக் கோப்பும் சேர்ந்த கூட்டுத்தொகை. மடக்கு நாற்காலிகளைத் தூக்கி எறிந்துவிட்டால், மண்டபத்தில் இருபது நாற்காலி காலியாகக் கிடக்கும்போதே “இடமில்லை” என்று அவர் சொல்ல வேண்டிவரும். ஏனென்றால் அந்த இருபதும் வேறு யாருக்கோ வாக்களிக்கப்பட்டவை.

இதை என் மடிக்கணினியிலேயே காட்டுகிறேன். ரேம் 8 ஜிகாபைட். அதில் பயன்படுத்தக் கிடைப்பது 7.8. இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்யும்போது, உலாவியும் சொற்செயலியும் பாட்டும் ஓடிக்கொண்டிருக்க, ரேமில் பயன்பாட்டில் இருப்பது 5.9 ஜிகாபைட். ஆனால் வாக்களிக்கப்பட்டது 9.4, எல்லை 12.8. வாக்குக் கொடுத்ததில் ஒரு பகுதியை நிரல்கள் கேட்டதோடு சரி, இன்னும் தொடவில்லை. ஒரு பகுதி பக்கக் கோப்பில் உறங்குகிறது. நான் பக்கக் கோப்பை அணைத்திருந்தால் எல்லை 7.8 ஆகியிருக்கும். ரேமில் இடம் மிச்சமிருந்தும், இவற்றில் ஏதோ ஒரு நிரல் திறக்காமலோ பாதியில் மூடியோ போயிருக்கும்.

லினக்ஸ் மண்டபக்காரரின் குணம் வேறு. “எல்லாரும் வர மாட்டார்கள்” என்ற நம்பிக்கையில் கேட்பவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுப்பார். எல்லாரும் வந்துவிட்டால், ஒருவரைத் தேர்ந்தெடுத்து வெளியே அனுப்பிவிடுவார். அதாவது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை நிறுத்திவிடுவார். அது உங்கள் இடுபணி திறந்திருக்கும் நிரலாகவும் இருக்கலாம்.

*இழப்பு யாருக்கு?*

என் விடுதி நண்பன் ஒருவனுக்கு நடந்ததைச் சொன்னால் இதன் கனம் புரியும். அவனுடைய 8 ஜிகாபைட் மடிக்கணினியை ஒரு கடையில் கொடுத்து, ‘வேகப்படுத்த’ 50 ரிங்கிட் கொடுத்தான். அவர்கள் செய்த மாற்றங்களில் ஒன்று பக்கக் கோப்பை அணைத்தது. முதல் வாரம் எதுவும் தெரியவில்லை. குழு இடுபணிக்காக ஒரு காணொளியை இரவு முழுவதும் தொகுத்துக்கொண்டிருந்தபோது, தொகுப்பு நிரல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மறைந்தது. மறுபடி திறந்தால் மறுபடியும் அதே கதை. காலை எட்டு மணிக்கு ஒப்படைக்க வேண்டிய வேலை.

“ரேம் கெட்டுப்போச்சுடா, புதுக் கணினிதான் வாங்கணுமாம்” என்று வந்து நின்றான். வேறொரு கடையில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ரேம் நன்றாகவே இருந்தது. பக்கக் கோப்பை மறுபடி இயக்கி, கணினியை மறுதொடக்கம் செய்ததும் நிரல் ஒழுங்காக ஓடியது. செலவு ஒரு சென்கூட இல்லை. ஆனால் போன இரவும் தாமதத்துக்குக் குறைக்கப்பட்ட மதிப்பெண்ணும் போனவைதான்.

இந்த ஆலோசனையில் என்னை உறுத்துவது இதுதான். காணொளியில் அதைச் சொல்பவரின் கணினியில் பெரும்பாலும் 32 ஜிகாபைட் ரேம் இருக்கும். அவர் அணைத்தாலும் ஒன்றும் ஆகாது. அதைக் கேட்டுச் செய்பவர், அண்ணன் பயன்படுத்திய பழைய 4 ஜிகாபைட் கணினியை வைத்துக்கொண்டு எஸ்பிஎம், எஸ்டிபிஎம் தேர்வுக்குப் படிப்பவர். கணினி யாருக்கு அதிகம் மெதுவாக இருக்கிறதோ அவர்தான் இப்படிப்பட்ட குறிப்புகளைத் தேடுவார். அவருக்குத்தான் இது அதிகக் கேடு செய்யும்.

*எதிர்வாதங்களுக்குப் பதில்*

“எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமே” என்பார்கள். எஸ்எஸ்டியில் எழுதுவதற்கு எல்லை உண்டு என்பது உண்மைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 ஜிகாபைட் எஸ்எஸ்டிகளில் 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருபவை உண்டு. நாளொன்றுக்கு 20 ஜிகாபைட் எழுதினாலும் அந்த எல்லையைத் தொட 15,000 நாள், அதாவது 41 ஆண்டு ஆகும். அந்த மடிக்கணினி அதுவரை உங்களிடம் இருக்காது. மேலும், 2009-இல் விண்டோஸ் 7 வெளிவரும் காலத்தில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் தாங்கள் திரட்டிய தரவை வெளியிட்டார்கள். பக்கக் கோப்பில் ஒரு முறை எழுதினால் ஏறத்தாழ 40 முறை படிக்கப்படுகிறது என்றும், எஸ்எஸ்டியில் வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான கோப்புகள் மிகச் சிலவே என்றும் அவர்கள் சொன்னார்கள்.

“அதில் என் கடவுச்சொல் தங்கிவிடலாமே” என்பது இன்னொரு கவலை. நியாயமான கவலை. ரேமில் இருந்த எதுவும் பக்கக் கோப்பில் போய்ப் படியலாம். ஆனால் கணினி திருடுபோனால் பக்கக் கோப்பு மட்டுமா போகிறது? உங்கள் ஆவணங்கள், படங்கள், உலாவியின் பதிவுகள் எல்லாமே போகின்றன. அதற்குச் சரியான மருந்து, முழு வட்டையும் மறைகுறியாக்கம் செய்வது. ஒரு ஜன்னலை மட்டும் மூடிவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதில் பயனில்லை.

“என்னிடம் 32 ஜிகாபைட் இருக்கிறது. பல ஆண்டாக அணைத்துத்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் ரேம் தாராளமாக இருக்கும் கணினியில் விண்டோஸ் பக்கக் கோப்பை மிகக் குறைவாகவே தொடும். எனவே அணைப்பதால் அவர்களுக்குக் கிடைத்த வேகமும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. போனது மட்டும் உண்டு. விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுபோகும்போது, என்ன நடந்தது என்ற பதிவை எழுதிவைக்கப் பக்கக் கோப்பைத்தான் வழக்கமாகப் பயன்படுத்துகிறது. அது இல்லாவிட்டால் கோளாற்றைக் கண்டுபிடிப்பது கடினமாகும்.

வட்டில் இடமே இல்லை என்பவர்களின் நிலை மட்டும் சற்று வேறு. 64 ஜிகாபைட் சேமிப்பகம் உள்ள மலிவுக் கணினிகளில் ஒவ்வொரு ஜிகாபைட்டும் பெரிது. அப்படிப்பட்டவர்கள் பழைய காணொளிகளையும் தரவிறக்கக் கோப்புறையையும் வெளித்தட்டுக்கு மாற்றட்டும். அந்த வகைக் கணினிகளில் ரேமும் குறைவு என்பதால், பக்கக் கோப்பு அவற்றுக்குத்தான் மிகவும் தேவை.

*அப்படியானால் என்ன செய்யலாம்?*

முதலில் அளந்து பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போய் ‘மெமரி’யைச் சொடுக்குங்கள். ‘இன் யூஸ்’ என்பது இப்போது பயன்பாட்டில் உள்ள ரேம். ‘கமிட்டட்’ என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது கொடுத்த வாக்கு, இரண்டாவது எல்லை. வழக்கமாக நீங்கள் வேலை செய்யும் நேரத்தில், எல்லா நிரல்களும் திறந்திருக்கும்போது இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எண் உங்கள் ரேமின் அளவைத் தாண்டியிருந்தால், பக்கக் கோப்பு இல்லாமல் அந்த வேலையை உங்களால் செய்திருக்கவே முடியாது என்று பொருள்.

இரண்டாவதாக, யாராவது உங்கள் கணினியில் இதை ஏற்கெனவே அணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லை எண் உங்கள் ரேமின் அளவாகவே இருந்தால் சந்தேகப்படலாம். விண்டோஸின் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ பகுதியில், ‘பெர்ஃபார்மன்ஸ்’ தலைப்பின் கீழ் ‘விர்ச்சுவல் மெமரி’ அமைப்பு இருக்கிறது. பக்கக் கோப்பின் அளவைத் தானாக நிர்வகிக்கச் சொல்லும் கட்டத்தில் சரிக்குறி இட்டு, மறுதொடக்கம் செய்தால் போதும்.

மூன்றாவதாக, மெதுவாவதன் உண்மையான காரணத்தைத் தேடுங்கள். 1968-இலேயே பீட்டர் டென்னிங் என்ற கணினி அறிவியலாளர் இதை விளக்கிவிட்டார். ஒரு நேரத்தில் நிரல்களுக்கு உண்மையாகத் தேவைப்படும் பக்கங்கள் எல்லாம் சேர்ந்து ரேமைத் தாண்டிவிட்டால், கணினி வேலை செய்வதை விட்டுவிட்டுப் பக்கங்களைத் தூக்கிப் போடுவதிலேயே காலத்தைக் கழிக்கும். அதற்கு வழி இரண்டே. ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களைக் குறைக்க வேண்டும். இல்லையேல் ரேமைக் கூட்ட வேண்டும். உலாவியில் நாற்பது பக்கங்களைத் திறந்துவைக்காதீர்கள். கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்கும் நிரல்களில் வேண்டாதவற்றை நிறுத்துங்கள். இவை இலவசம்.

காசு செலவழிக்க முடிந்தால், உங்கள் கணினியில் இன்னும் சுழலும் வன்தட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதை எஸ்எஸ்டியாக மாற்றுவதில்தான் பெரிய வித்தியாசம் தெரியும். அடுத்தது ரேம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. ஆகவே இரண்டு மூன்று கடைகளில் விலை விசாரியுங்கள். புதுக் கணினி வாங்குபவர்கள், ரேம் பலகையோடு ஒட்டப்பட்டதா, பின்னால் கூட்ட முடியுமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். பல மெல்லிய மடிக்கணினிகளில் வாங்கும்போது உள்ள ரேம்தான் கடைசி வரைக்கும்.

பொறியாளர்கள் இந்த நெருக்கடியைத் தணிக்க வேறு வழிகளையும் கண்டிருக்கிறார்கள். ஆப்பிள் 2013 முதலும், விண்டோஸ் 2015-இல் வந்த பத்தாம் பதிப்பு முதலும், ரேமில் உள்ள பக்கங்களைச் சுருக்கி வைத்துக்கொள்கின்றன. லினக்ஸிலும் அதே வசதி உண்டு. எல்லாமே வட்டுக்குப் போகும் தேவையைக் குறைக்கின்றன. ஆனால் இவர்களில் யாரும் பக்கக் கோப்பைத் தூக்கி எறிந்துவிடவில்லை.

அடுத்த முறை ஒரு ‘வேகக் குறிப்பு’ உங்கள் புலனத்துக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எதை மாற்றுகிறது? மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எந்த எண்ணைப் பார்த்தால் பலன் தெரியும்? தவறாகப் போனால் இழப்பது யார்? மூன்றுக்கும் விடை தெரியாத குறிப்பை, யார் அனுப்பியிருந்தாலும், உங்கள் இடுபணி இருக்கும் கணினியில் சோதித்துப் பார்க்காதீர்கள்.